“தெரியாது” என்பதும் வழிகாட்டலே

அரபு மொழியைத் தொடக்க நிலையில் ஓதிக்கொடுக்கும்போது நாம் மாணவர்களுக்கு இரண்டு சொற்களை அடுத்தடுத்துச் சொல்லிக் காட்டுவதுண்டு. ஒன்று ‘தலாலத்’, மற்றொன்று ‘ளலாலத்’. முன்னதற்கு வழி காட்டுதல் என்று பொருள்; பின்னதற்கு வழி தவறுதல் என்று பொருள். முதலெழுத்து ஒன்றே வேறு. தால் என்னும் எழுத்தை நுனிநாவால் மெல்ல ஒலித்தால் முன்னது. அவ்விடத்தில் ளாத் என்னும் எழுத்தை நாவின் ஓரத்தால் அழுத்தி ஒலித்தால் பின்னது. நா சற்றே பிசகினால் வழிகாட்டி வழிதவறியவனாகிவிடுவான் என்று சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். நாமும் உடன் சிரிப்போம். ஆனால், இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரம் மெய்யாகவே ஓர் எழுத்தளவுதான் என்பதை வாழ்க்கை நமக்குக் கற்பித்த நாள் ஒன்று உண்டு. அந்நாளை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

அதனைக் கூறுமுன், கேள்வியைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். வெளியூரான் ஒருவன் வழி கேட்கிறான். கேட்கப்பட்டவனுக்கு வழி தெரியாது. எனினும், தீய எண்ணம் சிறிதுமின்றி, நினைவில் தட்டுப்பட்டதை வைத்துக்கொண்டு, “இப்படிப் போங்கள்” என்று கை காட்டிவிடுகிறான். கேட்டவன் போய் அலைகிறான். கை காட்டியவன் குற்றவாளியா, இல்லையா? செயல்கள் யாவும் எண்ணங்களைக் கொண்டே மதிக்கப்படும் என்பது நாம் பாலபாடமாகக் கற்ற நெறி. எண்ணம் நல்லதாயின் பழி எங்ஙனம் வந்து சேரும்? நெடுங்காலம் நாம் இக்கேள்விக்கு, “குற்றவாளி அல்லன்” என்னும் விடையையே கையில் வைத்திருந்தோம்.

கேட்பது இழிவன்று

முதலில் கேட்பவனைப் பற்றிச் சிறிது பார்ப்போம். வழி தவறியவர்களுள் பலர் கேட்பதற்குக் கூசுகின்றனர். இன்னும் ஒரு தெரு, இன்னும் ஒரு திருப்பம் என்று தாமே சுற்றிப் பார்த்து, கால் ஓய்ந்த பின்னரே வாய் திறக்கின்றனர். காரணம் வெளிப்படை. வழி கேட்பது என்பது, “எனக்குத் தெரியாது, உமக்குத் தெரியும்” என்று முன்பின் அறியாத ஒருவரிடம் ஒப்புக்கொள்வது. அந்த ஒப்புதல்தான் கசக்கிறது.

ஆனால், நம் நெறியோ கேட்பதை ஊகத்திற்கு மேலான இடத்தில் வைத்திருக்கிறது. தொழுகைக்கு கிப்லாவின் திசை தெரியாமல் நிற்கும் பயணியின் சட்டத்தை மதரஸாக்களில் ஓதுகிறோம். கி.பி. 12-ஆம் நூற்றாண்டினரான இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்களின் ‘ஹிதாயா’வில், திசை ஐயமாகி, கேட்பதற்கு ஆளும் இல்லாதபோதே சொந்த முயற்சியால் ஒரு திசையைத் தேர்ந்துகொள்ளலாம் என்பதே நிபந்தனை. கேட்க ஆள் இருக்கும்போது, கேளாமல் ஊகித்துத் தொழுதல் கூடாது. நாணத்தை ஒரு காரணமாக எந்த இமாமும் ஏற்றதில்லை.

எவரிடம் கேட்பது என்பதிலும் குறுகிய மனம் ஆகாது. கி.பி. 622-இல், அண்ணல் நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் மக்காவை நீத்து மதீனா நோக்கிப் புறப்பட்டபோது, பாதை காட்டக் கூலிக்கு அமர்த்திக்கொண்டது அப்துல்லாஹ் இப்னு உரைகித் என்பாரை. அவர் அந்நாளில் குறைஷிகளின் மதத்தினராகவே இருந்தார். அண்ணலாரைப் பிடித்துத் தருவோர்க்கு நூறு ஒட்டகங்கள் பரிசென்று அறிவிக்கப்பட்டிருந்த வேளை அது. ஒட்டகங்களை அவரிடமே ஒப்படைத்து, மூன்று இரவுகள் கழித்து ஸவ்ர் குகைக்கு வந்துவிடுமாறு கூறினர். அவர் சொன்னபடி வந்தார். கடலோரப் பாதையாக அழைத்துச் சென்றார். பாலைவழியின் அறிவு அவரிடம் இருந்தது. எனவே, வழி அவரிடம் கேட்கப்பட்டது.

கேட்கச் சென்றவர் கேட்டதினும் பெரிதைப் பெற்ற வரலாறும் உண்டு. மூஸா (அலை) அவர்கள் மத்யனிலிருந்து குடும்பத்தோடு திரும்புகையில், இருளில் தூரத்தே ஒரு நெருப்பைக் கண்டார்கள். வீட்டாரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, ஒரு கொள்ளியாவது கொண்டுவரலாம், அல்லது அவ்விடத்தில் வழி சொல்வார் எவரேனும் கிடைக்கலாம் என்றெண்ணி அதை நோக்கி நடந்தார்கள். குளிர்ந்த இரவில் பாதை தப்பியிருந்தனர் என்பர் விரிவுரையாளர்கள். பாதை விசாரிக்கப் போனவர் நபித்துவம் பெற்றுத் திரும்பினார். கேட்பதை இழிவென்று எண்ணியிருந்தால் அந்த நெருப்பை நோக்கி நடந்திருப்பாரோ?

ஆகவே, கேட்பவன் பக்கம் வழக்கு எளிது. சிக்கல் எல்லாம் கேட்கப்படுபவன் பக்கத்திலேயே இருக்கிறது.

அறந்தாங்கியில் ஒரு மாலை

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது. நாம் ஸனது பெற்று ஓராண்டுகூட நிரம்பவில்லை. ஒரு மதரஸாவில் ஓதிக்கொடுக்கத் தொடங்கியிருந்தோம். புதிய தலைப்பாகை, அதனினும் புதிய பெருமிதம். ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் மாணவர் இருவருடன் அறந்தாங்கிப் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கையில் ஒரு பையோடு விரைந்து வந்தார். அங்கே கடலை விற்றுக்கொண்டிருந்த ஒருவரிடம், கடலோரத்து ஊர் ஒன்றின் பெயரைச் சொல்லி, எந்த வண்டி போகும் என்று கேட்டார். அக்கரையில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம், சுந்தரபாண்டியன்பட்டினம் என்று பட்டினங்கள் பல. அவர் கேட்டதும் அவற்றுள் ஒன்றே.

“எனக்குத் தெரியாதுங்க. நானே ஊருக்குப் புதுசு. அந்தா டைம் கீப்பர் உட்கார்ந்திருக்காரு, அவரைக் கேளுங்க” என்றார் கடலைக்காரர்.

அவர் திரும்பினார். நடுவில் நாம் நின்றோம். நம்மை அவர் கேட்கவும் இல்லை. ஆயினும், மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு முஸ்லிம் சகோதரர் வழி தெரியாமல் அலைய, ஓர் ஆலிம் வாளாவிருப்பதா என்று நமக்குத் தோன்றியது. “வாங்க பாய், அதோ நிற்குதே அந்த வண்டிதான். புறப்படப் போகுது, ஏறிக்கொள்ளுங்கள்” என்றோம். அவர் முகம் மலர்ந்தது. “ஜஸாக்கல்லாஹு கைர், ஹஜ்ரத்” என்று சொல்லி ஓடி ஏறிக்கொண்டார். வண்டி புறப்பட்டது.

அக்கடற்கரைக்கு நாம் அதுவரை ஒருமுறையும் சென்றதில்லை. பட்டினங்களின் பெயர்களைக் கேள்விப்பட்டிருந்தோம். எல்லாம் ஒரே பாதையில் அடுத்தடுத்து இருக்கும் என்பது நம் ஊகம். “ஹஜ்ரத், நீங்க அந்த ஊருக்குப் போயிருக்கீங்களா?” என்று மாணவருள் இளையவன் கேட்டான். நாம் அவனைப் பார்த்த பார்வையில் அவன் வாயை மூடிக்கொண்டான்.

நான்கு மாதங்கள் கழித்து, அதே பகுதியில் ஒரு நிக்காஹ் மஜ்லிஸுக்குச் சென்றிருந்தோம். விருந்து முடிந்து கை கழுவும் இடத்தில் ஒருவர் ஸலாம் சொன்னார். பேருந்து நிலையத்தில் கண்ட அதே முகம். நாம் மகிழ்ச்சியோடு, “அன்று நல்லபடி போய்ச் சேர்ந்தீர்களா?” என்று விசாரித்தோம். அவர் சற்றே தயங்கினார். பின்னர் சொன்னார்.

தங்கையை அந்த ஊரில் மணம் முடித்துக் கொடுத்தபோது அவர் மலேசியாவில் இருந்தார். ஆதலால், அவ்வூர் அவருக்குப் புதிது. தங்கை வீட்டில் தங்கியிருந்த தந்தையார் அன்று காலை காலமாகிவிட்டார். மகன் வந்து சேரட்டும் என்று ஜமாஅத்தார் இஷா வரை மையித்தை வைத்துக் காத்திருந்தனர். நாம் ஏற்றிவிட்ட வண்டி அவரைக் கொண்டுபோய் விட்டது வேறொரு பட்டினத்தில். அங்கே இறங்கி விசாரித்தபோதுதான் உண்மை தெரிந்தது. அப்போது மக்ரிப் கடந்துவிட்டது. திரும்ப வண்டியில்லை. சிறிது தூரம் நடந்து, சிறிது தூரம் மீன் ஏற்றிச் சென்ற வண்டியில் தொற்றிக்கொண்டு, அவர் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தனர்.

“உங்களைக் குத்தம் சொல்லலே ஹஜ்ரத்” என்றார் அவர். “தலைப்பாகையைப் பார்த்ததும் டைம் கீப்பரைக் கேக்கணும்னு எனக்குத் தோணாமப் போச்சு. அத்தாவுக்கு மூணு பிடி மண்ணு போடக் கொடுத்து வைக்கலே. அது ஒண்ணுதான்.”

நாம் மன்னிப்புக் கேட்டோம். அவர் பதறிப்போய் நம் கைகளைப் பற்றிக்கொண்டு, “அல்லாஹ் நாடினது” என்றார். மனிதர்க்கு மனிதர் செய்த குறையை அம்மனிதர் மன்னித்தாலன்றித் தீராது என்று நாம் எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறோம். அவர் மன்னித்தார். ஆனால், அந்த மூன்று பிடி மண்ணை எவரால் திருப்பித் தர இயலும்?

பொய் எங்கே இருந்தது?

அன்றிரவு உறக்கம் வரவில்லை. நம் எண்ணம் நல்லதுதானே என்று மனம் வழக்காடியது. அவர் துன்புற வேண்டுமென்று நாம் நினைக்கவில்லை. அவ்வண்டி அங்கே போகாது என்று அறிந்துகொண்டே ஏற்றிவிடவும் இல்லை. அப்படியானால் நாம் சொன்னது பொய்யா? அன்று என்றே மனம் விடை கூறியது. பின், நெஞ்சு ஏன் உறுத்துகிறது?

பல நாள் எண்ணிப் பார்த்து நாம் கண்டது இது. வழி கேட்கப்பட்டவர் நால்வகையினர். அறிந்து உள்ளபடி சொல்பவர் ஒருவர். அறிந்தும் மாற்றிச் சொல்பவர் மற்றொருவர். அறியாமல், அறியேன் என்பவர் மூன்றாமவர். இம்மூவரைப் பற்றியும் ஐயமில்லை. அறியாமல், அறிந்தவர்போல் சொல்பவரே நான்காமவர். இவர் பாதையைப் பற்றிப் பொய் சொல்லவில்லை. தம்மைப் பற்றிப் பொய் சொல்கிறார். “அவ்வண்டி அங்கே போகும்” என்னும் சொல்லினுள், “இது எனக்குத் தெரியும்” என்னும் மற்றொரு சொல் மறைந்திருக்கிறது. முதற்சொல் பிழை; இரண்டாவது சொல் பொய். வழிப்போக்கர் நம்பி ஏறியது முதற்சொல்லை அன்று, இரண்டாவது சொல்லையே.

தற்செயலாக அவ்வண்டி சரியான ஊருக்கே போயிருந்தால்? அப்போதும் நாம் குற்றமற்றவர் ஆகிவிட மாட்டோம். தற்செயல் சரியாக இருந்திருக்கும்; நாம் சரியாக இருந்திருக்க மாட்டோம். அறியாமையோடு மக்களுக்குத் தீர்ப்பளிக்கும் நீதிபதியைப் பற்றி நபிமொழியில் வந்திருக்கும் கடும் எச்சரிக்கையை ஓதியவர்க்கு இது புதிதன்று. முயன்று ஆய்ந்து தீர்ப்புக் கூறிப் பிழைத்தவருக்கும் ஒரு நற்கூலி உண்டு என்றும் ஓதியிருக்கிறோம். இரண்டும் முரண் அல்ல. முன்னவர் முயலவே இல்லை. பின்னவர் தம்மால் இயன்றதெல்லாம் முயன்றார். நாம் பத்தடி நடந்து அந்த டைம் கீப்பரைக் கேட்டிருந்து, அவரும் தவறாகச் சொல்லியிருந்தால், நம் நிலை வேறு. நாம் அந்தப் பத்தடியை நடக்கவில்லை.

அப்படியானால் எண்ணம்? அதையும் உண்மையாக உரைத்துப் பார்த்தோம். அவருக்கு உதவ வேண்டும் என்பது ஓர் எண்ணம். மாணவர்முன் அறியாதவராய் நிற்கலாகாது என்பது மற்றோர் எண்ணம். கை தூக்கிக் காட்டியது எந்த எண்ணம் என்பதை, இளைய மாணவனைப் பார்த்த அந்தப் பார்வையே சொல்லிவிட்டது.

வழி தவறியவனுக்கு வழி காட்டுவது ஒரு தர்மம் என்று அண்ணலார் (ஸல்) அருளியுள்ளார்கள். தெருவில் அமர்ந்திருப்போர் தெருவுக்குச் செலுத்த வேண்டிய உரிமைகளுள் ஒன்றாகவும் அது கூறப்பட்டிருக்கிறது. தர்மம் என்றால், அதில் கள்ள நாணயமும் உண்டன்றோ? இரப்பவன் கையில் செல்லாக் காசைப் போட்டால் அவன் வாழ்த்திவிட்டுத்தான் போவான். கடைக்காரன் தூக்கி எறியும்போதுதான் அவனுக்குத் தெரியும். அப்போது நாம் அவ்விடத்தில் இருக்க மாட்டோம்.

சென்று வந்தவர் சொல்

நம் செந்தமிழ் இதனை நன்கு அறிந்திருந்தது. வழி சொல்வதற்கென்றே ஓர் இலக்கிய வகையைக் கண்ட மொழி இது. ஆறு என்றால் வழி. ஆற்றுப்படை என்றால் வழிப்படுத்துதல். பத்துப்பாட்டில் பாதி, அதாவது ஐந்து பாடல்கள், ஆற்றுப்படைகளே. அவற்றுள் பொருநரையும் பாணரையும் கூத்தரையும் வழிப்படுத்தும் பாடல்களில் பேசுகிறவர் யார்? வள்ளலிடம் தாமே சென்று, பரிசில் பெற்று, திரும்பி வருகிறவர். எதிரே வறுமையோடு வருபவரிடம், தாம் நடந்த வழியை அவர் சொல்கிறார். பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. நன்னனிடம் செல்லும் வழியில் எங்கே பாசி படிந்து வழுக்கும், எங்கே பாம்புகள் மறைந்திருக்கும், எங்கே புனங்காவலரின் கவண்கற்கள் வந்து விழும் என்றெல்லாம் எச்சரிக்கிறது. கேள்விப்பட்டதை வைத்துக்கொண்டு ஒருவரை ஆற்றுப்படுத்தும் வழக்கம் அங்கே இல்லை.

சென்று வராதவர் என்ன செய்வது? அதற்கு இமாம் மாலிக் (ரஹ்) அவர்களைப் பார்க்க வேண்டும். ஹிஜ்ரி 179-இல் மறைந்த மதீனாவின் பேரறிஞர் அவர். 48 வினாக்கள் கேட்கப்பட்டபோது, 32 வினாக்களுக்குத் தெரியாது என்றே விடையளித்தார் என்று வரலாறு கூறுகிறது. ஆறு மாதப் பயணத் தொலைவிலிருந்து, தம் ஊரார் கொடுத்தனுப்பிய ஒரே ஒரு வினாவோடு வந்த ஒருவருக்கும் அதே விடைதான் கிடைத்தது. ஊரார்க்கு என்ன சொல்வேன் என்று அம்மனிதர் திகைத்தபோது, மாலிக் அறியேன் என்றார் எனச் சொல்லும்படி இமாம் அனுப்பிவிட்டார். அத்தனை தூரம் வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவதா என்று இரக்கப்பட்டு, வாய்க்கு வந்ததை அவர் சொல்லவில்லை. உண்மையில் அவர் வெறுங்கையோடு அனுப்பவும் இல்லை. தவறான பாதை ஒன்றிலிருந்து ஓர் ஊரையே காத்து அனுப்பினார்.

நபிமார் வரலாற்றிலும் இதற்கொரு பாடம் உண்டு. முன்னர்க் கூறிய மூஸா (அலை) அவர்களிடமே, மக்களில் மிக அறிந்தவர் யார் என்று ஒருமுறை கேட்கப்பட்டது. இறைவனே அறிவான் என்னாமல், தாமே என்று விடையளித்தார்கள். அதன் காரணமாகவே, தம்மினும் அறிந்த ஓர் அடியாரைத் தேடிச் செல்லுமாறு பணிக்கப்பட்டார்கள் என்று புகாரியில் வருகிறது. அப்பயணத்திலும், சேரவேண்டிய இடத்தை அறியாமல் கடந்து போய், தம் அடிச்சுவட்டைப் பற்றியே திரும்பி வர நேர்ந்தது. பெருநபி ஒருவருக்கே ஒரு சொல்லுக்கு ஒரு பயணம் பாடமாக வைக்கப்பட்டதெனின், நம் போன்றோர் எம்மாத்திரம்!

தெரியாது என்பது கைவிடுதல் என்று சிலர் எண்ணுகின்றனர். அதனாலேயே நம் மக்கள், வழி அறியாதபோதும் ஏதேனும் சொல்லி அனுப்புவதை உபசாரமாகக் கருதுகின்றனர். இன்னும் மூன்று மைல் இருக்கும் ஊரை, “இதோ கூப்பிடு தூரம்” என்று ஆறுதலாகச் சொல்வதும் அவ்வகையே. ஆனால், 1325-இல் தாஞ்சியரிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றிய இப்னு பதூதா எழுதியிருப்பதைப் பாருங்கள். வட இந்தியாவில் கோல் என்னும் நகருக்கு அருகே கள்வரிடம் அகப்பட்டுத் தப்பி, நாட்கணக்கில் தனியே அலைந்த அவர் ஒரு மனிதரைக் கண்டார். யாரென்று அம்மனிதர் கேட்க, வழி தவறியவன் என்றார் இவர். தாமும் அப்படியே என்றார் அவர். அறிந்தவர்போல் அவர் திசை காட்டவில்லை. ஆனால், தண்ணீர் கொடுத்தார், உணவு கொடுத்தார், நடக்க இயலாத இப்னு பதூதாவைத் தோளில் சுமந்து சென்றார். ஊர் ஒன்றின் அருகே இவர் கண் விழித்தபோது அவரைக் காணவில்லை. அறியேன் என்று சொன்ன பிறகும் செய்வதற்கு எத்தனையோ இருக்கின்றன.

அந்தக் கடலைக்காரரும் அதைத்தானே செய்தார்? அவர் ஓதியவர் அல்லர். தமக்குத் தெரியாது என்றார். தெரிந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டினார். அன்று பேருந்து நிலையத்தில் சரியாக வழி காட்டியவர் அவர் ஒருவரே.

நம் வீடுகளில்

இன்று கைப்பேசியே வழி சொல்கிறது. அது நல்ல உதவி, மறுப்பதற்கில்லை. அதனிடம் கேட்க எவரும் கூசுவதுமில்லை. ஆனால், வாழ்வில் ஒருவரை ஒருவர் கேட்கும் வழிகள் பேருந்து வழிகள் மட்டுமல்லவே! இந்த நோய்க்கு எந்த மருந்து, இந்தப் பிள்ளைக்கு எந்தப் படிப்பு, இந்தக் கொடுக்கல் வாங்கல் ஆகுமா ஆகாதா என்று நாள்தோறும் எவரேனும் நம்மிடம் வழி கேட்டுக்கொண்டே இருக்கின்றனர். மூத்தவர் என்பதால், படித்தவர் என்பதால், தலைப்பாகை கட்டியவர் என்பதால் நம்பிக் கேட்கின்றனர். நம்பிக்கை மிகுமளவுக்குப் பொறுப்பும் மிகுகிறது. கடலைக்காரர் தவறாகச் சொல்லியிருந்தால் அவர் இன்னொருவரையும் கேட்டிருப்பார். நாம் சொன்னதால் அதற்குமேல் கேட்கவில்லை.

நம் வீடுகளில் பிள்ளைகள் தந்தையிடம் ஏதேனும் கேட்கும்போது, “எனக்குத் தெரியாது; வா, தெரிந்தவரைக் கேட்போம்” என்னும் சொல்லை அவர்கள் காதில் விழச் செய்ய வேண்டும். அச்சொல்லைக் கேட்டு வளரும் பிள்ளை தந்தையை மதிப்பதில் குறைவதில்லை. தந்தை தெரியும் என்று சொல்லும்போது அதை முழுவதும் நம்பலாம் என்று அறிந்துகொள்கிறது.

நாள் ஒன்றுக்குக் கடமையான தொழுகைகளில் 17 ரக்அத்துகள். ஒவ்வொன்றிலும் நேர்வழியைக் காட்டுமாறு இறைவனிடம் கேட்டு நிற்கிறோம். நாளுக்குப் பதினேழு முறை வழி கேட்கிற ஒருவன், தெருவில் இறங்கியதும் எல்லா வழியும் அறிந்தவனாக நடந்துகொள்வது எத்துணை முரண்!

இப்போதும் மதரஸாவில் மாணவர்கள் கேட்கும் சிலவற்றுக்கு, “தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்” என்றே விடை கூறுகிறோம். முதன்முறை அவ்வாறு சொன்னபோது நா எழவில்லை. இப்போது பழகிவிட்டது. அன்று நம் பார்வைக்கு அஞ்சி வாய் மூடிய அந்த இளைய மாணவர் இன்று வேறோர் ஊரில் ஓதிக்கொடுக்கிறார். அவரிடமும் நாம் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். அறிந்ததை அளவோடு சொல்லவும், அறியாததை அறியோம் என்று ஒப்பவும் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் துணை புரிவானாக!